எவாஞ்செலியன் 3.0+1.0: கிராமத்தில் கழியும் அந்த முக்கால் மணி நேரம் தேவைதானா?

கார்முகில் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற சனிக்கிழமை இரவு நாங்கள் ஏழு பேர் கூடி, எவாஞ்செலியன் புதிய பட வரிசையின் நான்காவதும் கடைசியுமான படத்தைப் பார்த்தோம். எனக்கு அது மூன்றாவது முறை. மற்றவர்களில் நால்வருக்கு முதல் முறை. படம் முடிந்து விளக்கைப் போட்டவுடன் தொடங்கிய வாக்குவாதம் நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை என்பதால் அதை இங்கே கொண்டுவருகிறேன்.

பிணக்கு ஒரே இடத்தைப் பற்றியதுதான். பாரிஸ் நகரில் நடக்கும் தொடக்கச் சண்டை முடிந்தபின், எவா என்னும் ராட்சத எந்திரங்களை இயக்கும் ஷின்ஜியும் அசுகாவும், அயனாமி என்ற தோழியின் நகலாகப் படைக்கப்பட்ட கறுப்பு உடையணிந்த அயனாமியும் சிவந்துபோன நிலத்தின் வழியே நடந்து 'மூன்றாம் கிராமம்' என்ற குடியிருப்பைச் சேர்கிறார்கள். அங்கே படம் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தங்கிவிடுகிறது. நெல் நடுகிறார்கள், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், வெந்நீரில் குளிக்கிறார்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ராட்சத எந்திரங்களின் படம் பார்க்க வந்தவர்களுக்கு இது எதற்கு என்று எங்களில் பாதிப் பேர் கேட்டார்கள்.

படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 1995 அக்டோபரில் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கிய நாள் முதல் இந்தக் கதையில் எவாவில் ஏற்றப்படுபவர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகள். மூன்றாவது படத்தில் பதினான்கு ஆண்டுகள் உருண்டோடியும் அவர்களுடைய உடல் மட்டும் வளரவில்லை. அதை 'எவாவின் சாபம்' என்கிறார்கள். அவர்களோடு ஒரே வகுப்பில் படித்த தோஜியும் ஹிகாரியும் கிராமத்தில் திருமணமாகிக் கைக்குழந்தையோடு வாழ்கிறார்கள். தோஜி அங்கே மருத்துவம் பார்க்கிறான், கென்சுகே யார் வீட்டில் எது பழுதானாலும் சரிசெய்து கொடுக்கிறான். ஷின்ஜி அவர்கள் எதிரில் அதே பள்ளிச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறான். தொடர் வந்தபோது பதினான்கு வயதில் அதைப் பார்த்த ஒருவர், 2021 மார்ச் 8 அன்று இந்தப் படம் வெளியானபோது நாற்பதை நெருங்கியிருப்பார். தோஜி அவர்களுக்காகத்தான் அந்த வயதில் வருகிறான் என்று நினைக்கிறேன்.

ஒரு காட்சியை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஏரிக்கரையில், எவாக்களை உருவாக்கிய நெர்வ் அமைப்பின் இடிந்து கிடக்கும் பழைய கட்டடத்தில் ஷின்ஜி பேச்சற்று முடங்கிக் கிடக்கிறான். அயனாமி உணவுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அருகில் வைத்துவிட்டுப் போகிறாள். அவன் தொடாமல் இருக்கிறான். பிறகு ஒரு வேளை, பசி தாளாமல் அதைப் பிரித்து வாயில் திணிக்கிறான். கண்ணீரும் மூக்கு நீரும் ஒழுக, விம்மலுக்கும் விழுங்குவதற்கும் இடையில் மூச்சுத் திணற அவன் மெல்லும் அந்தச் சில நொடிகளில் இசை எதுவும் நம்மை வழிநடத்துவதில்லை. எல்லாரும் ஏன் என்னிடம் இவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று அவன் அழுதுகொண்டே கேட்பது அதன் பிறகுதான். அவன் மீண்டும் எழுந்து, நெர்வை எதிர்ப்பவர்களின் கப்பலுக்குத் திரும்புவதை நான் நம்பியது அந்த அழுகையால்தான்.

இன்னொன்று: அடுத்த முறை திரையிடுவதற்காகத் தமிழில் துணைவரிகள் எழுதி வருகிறேன். விடைபெறும்போது சொல்லும் 'சயோனாரா' என்ற ஒரே ஒரு ஜப்பானியச் சொல்லில் இரண்டு வாரமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றியும் யாரேனும் சொன்னால் நன்றாக இருக்கும்.

இரண்டாம் பிறை

நண்பர் கார்முகில் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆயினும் உடன்பட முடியவில்லை. கிராமம் அழகில்லை என்று யாரும் சொல்லவில்லை. அது படத்தின் மற்றப் பகுதிகளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் இடம்தான் சிக்கல். மூன்றாவது படம் 2012 நவம்பரில் வந்தது. அதில் எண்ணற்ற கேள்விகளைத் திறந்து வைத்துவிட்டு, எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காக்க வைத்து, இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் ஒரு படத்தைக் கொடுக்கிறார்கள். அதில் முக்கால் மணி நேரம் கிராமத்துக்குப் போய்விட்டதால், கடைசிப் பகுதியில் ஈட்டிகள், கப்பல்கள், மறுபக்க உலகம் என்று எல்லாவற்றையும் வாய்மொழியாக விளக்கிக்கொண்டே ஓட வேண்டியதாகிறது. ஷின்ஜியின் தந்தையும் நெர்வின் தலைவருமான கெண்டோ தன் வாழ்க்கையைத் தானே எடுத்துரைப்பது அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இருபத்தைந்து ஆண்டுகள் வாய் திறக்காத மனிதர் ஒரு ரயில் பெட்டியில் உட்கார்ந்து, சிறுவயதில் தனிமையை விரும்பியது முதல் மனைவியை இழந்தது வரை அனைத்தையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறார். நாம் கண்டுபிடிக்க வேண்டியதை அவரே கையில் கொடுத்துவிடுகிறார்.

அசுகாவின் பங்கும் இதே அவசரத்தில் அடிபடுகிறது. ஆனால் அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

வெள்ளாமை

எவாஞ்செலியனை நான் தாமதமாகப் பார்க்கத் தொடங்கியவன். எனவே 'காத்திருந்தோம்' என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் நடவு வயலைப் பற்றிச் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் என் அம்மாவின் காலம் வரை கை நடவுதான்.

அயனாமி முதன்முதலில் வயலில் இறங்கும் காட்சியை வரைந்தவர்கள் சேற்றை அறிந்தவர்கள். சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். வெளியே இழுக்கும்போது இன்னொரு கால் உள்ளே போகும். பழகாதவர்கள் உடம்பை நிமிர்த்திச் சமாளிக்கப் பார்த்துத்தான் விழுவார்கள். அவளும் விழுகிறாள். அங்கிருக்கும் பெண்கள் யாரும் அவளை இரக்கத்தோடு தூக்கி நிறுத்தி ஓரமாக உட்கார வைப்பதில்லை, வேலை தொடர்கிறது. அவளுக்குப் பெயர் இல்லாததால், அயனாமியைப் போலவே இருக்கிறாள் என்பதை வைத்து 'அச்சு அசல்' என்பது போன்ற ஒரு பெயரால் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊரிலும் நடவுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு முதல் நாளே ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடும். அதற்குப் பிறகு அவள் வெளியாள் இல்லை.

அவள் இருக்கும் நெர்வ் அமைப்பு அவளுக்குக் கட்டளைகளைத்தான் கொடுத்தது. கிராமத்தில் அவளுக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறார்கள். கட்டளையை முடித்தவர் அடுத்த கட்டளைக்காக நிற்பார். வேலை செய்தவருக்கு நாளை அந்த வயல் எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்பு அவளுக்கு வந்ததை நாம் கண்ணால் பார்க்கிறோம். அதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும்தான். இரண்டாம் பிறை ஐயா, பத்து நிமிடத்தில் அதைக் காட்டியிருந்தால் அவள் இறப்பு நமக்கு ஒரு செய்தியாக மட்டும் இருந்திருக்கும்.

நெர்வின் பராமரிப்பு இல்லாமல் அவள் உடல் நிலைத்திருக்காது. ஷின்ஜியின் முன்னால், கறுப்பு உடை வெண்மையாக மாற, அவள் கரைந்து போகிறாள். கடைசியில் அவள் சொல்லும் ஆசைகளில் ஒன்று, அறுவடையையும் செய்து பார்த்திருக்கலாம் என்பது. நட்டவள் அறுக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பனித்துளி

அசுகாவைப் பற்றி யாரேனும் பேச வேண்டும் என்று காத்திருந்தேன், நானே பேசிவிடுகிறேன்.

கிராமத்தில் மற்ற இருவருக்கும் கிடைத்தது எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் கென்சுகேயின் வீட்டில் இருக்கிறாள். அவளுக்குப் பசி கிடையாது, உறக்கமும் கிடையாது. கையடக்க விளையாட்டுக் கருவியை வைத்துக்கொண்டு இரவைக் கழிக்கிறாள். ஊருக்குள் போவதில்லை. தான் அந்த ஊரைக் காக்க வந்தவள், அங்கே வாழ வந்தவள் இல்லை என்கிறாள். நடவும் குழந்தையும் வெந்நீர்க் குளியலும் ஒருத்தியை மனுஷியாக்கும் என்று படம் சொன்னால், அதே ஊரில் அதே நாட்களில் அவற்றைத் தொடவே முடியாத இன்னொருத்தி இருந்தாள் என்பதையும் அதே அளவு பொறுமையோடு காட்டியிருக்க வேண்டும். அவளும் ஒரு வரிசையாகப் படைக்கப்பட்ட உருக்களில் ஒருத்தி என்ற உண்மை மிகப் பிந்தி, சண்டையின் நடுவே வந்து விழுகிறது.

ஷின்ஜியைக் கீழே தள்ளி அவன் வாயில் உணவைத் திணிக்கும் காட்சியைப் பலர் கொடுமை என்பார்கள். பசிக்கவே பசிக்காத ஒருத்தி, பசித்தும் உண்ண மறுக்கும் ஒருவனைப் பார்க்கும்போது வரும் சினம் அது. நல்ல எழுத்து. இப்படிப்பட்ட எழுத்தை இன்னும் அரை மணி நேரம் அவளுக்குத் தந்திருக்கக் கூடாதா என்பதே என் ஆதங்கம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கடைசிச் சண்டைக்குப் புறப்படும் முன் அவள் ஷின்ஜியிடம், அந்தக் காலத்தில் உன்னை விரும்பினேன் என்று நினைக்கிறேன், ஆனால் நான் உனக்கு முன்பே பெரியவளாகிவிட்டேன் என்கிறாள். இருவருக்கும் இடையில் கண்ணாடிச் சுவர். அந்த வரிகளை அவள் வருத்தமாகச் சொல்வதில்லை. பழைய தொடரின் முடிவாக 1997இல் வந்த படம் கடற்கரையில் அவர்கள் இருவரையும் எந்த நிலையில் விட்டுச்சென்றது என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்தப் படத்தில் அதே போன்ற கரையில் ஷின்ஜி அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பி வைப்பது பெரிய ஆறுதல்.

கார்முகில்

பனித்துளி அக்கா, அசுகாவுக்கு நேரம் போதவில்லை என்பதை மறுக்க மாட்டேன். உங்கள் மறுமொழியைப் படித்தபின் அந்த இரவுக் காட்சிகளை மட்டும் மறுபடி பார்த்தேன். விளையாட்டுக் கருவியின் ஒளி அவள் முகத்தில் விழும் அந்தச் சட்டகத்தை நான் முன்பு கவனிக்காமல் கடந்திருக்கிறேன்.

இரண்டாம் பிறை சொன்னதற்கு என் பதில், முன்பு ஷின்ஜியை வழிநடத்திய அதிகாரியும் இப்போது அந்தக் கப்பலின் தலைவியுமான மிசாத்தோ. இரண்டாவது படத்தின் இறுதியில், அயனாமியை மீட்க ஷின்ஜி பாயும்போது, 'யாருக்காகவும் அல்ல, உன் சொந்த விருப்பத்திற்காகப் போ' என்று கத்தியவள் அவள்தான். அதன் விளைவாக உலகம் பாதி அழிந்தது. மூன்றாவது படத்தில் கண்விழிக்கும் அதே பையனிடம், 'நீ இனி எதுவும் செய்யாதே' என்று முகம் பார்க்காமல் சொல்கிறாள். எந்த விளக்கமும் தரவில்லை. பெரியவர்கள் ஒரு பிள்ளையைத் தூண்டிவிட்டு, விளைவு வந்ததும் அவன் கழுத்தில் வெடிப்பட்டையை மாட்டிய கதை அது. அந்தப் படத்தை அரங்கை விட்டு வெளியே வந்தவர்கள் வெறுத்ததில் வியப்பில்லை.

இந்தப் படத்தில் ஷின்ஜி மீண்டும் எவாவில் ஏறுகிறேன் என்று கேட்கும்போது, கப்பலில் பணிபுரியும், குடும்பத்தை இழந்த மிதோரி அவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறாள். பிறகு தோஜியின் தங்கை சகுரா சுட்டே விடுகிறாள். அவனைக் காயப்படுத்திவிட்டால் எவாவில் ஏற முடியாது, ஏறாவிட்டால் அவன் இன்னும் துன்பப்பட மாட்டான் என்ற அழுகையோடு சுடுகிறாள். குறுக்கே பாய்ந்து குண்டை வாங்குவது மிசாத்தோ. அவன் செய்ததற்கெல்லாம் பொறுப்பு தன்னுடையது என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறாள். கிராமத்தில் வேலை செய்யும் அவளுடைய பதினான்கு வயது மகனை நாம் முன்பே பார்த்துவிட்டோம். தன் தாய் யாரென்று அவனுக்குத் தெரியாது. அந்தக் கிராமத்தைப் பார்க்காமல் வந்திருந்தால், அவள் யாருக்காக எதை விட்டுவிட்டு அந்தக் கப்பலில் நிற்கிறாள் என்பது நமக்குப் பிடிபட்டிருக்காது. தந்தையோடு ஒருமுறையாவது பேசு என்று ஷின்ஜியிடம் கென்சுகே சொல்வதும் அதே ஊரில்தான். கென்சுகேயின் தந்தை பேரழிவைத் தாங்கிப் பிழைத்து, பிறகு சாதாரண விபத்தில் இறந்தவர். பேசாமல் விட்டதை எண்ணி அவன் வருந்துகிறான். ஷின்ஜி கெண்டோவின் எதிரில் போய் நிற்பது அந்தச் சொல்லைக் கேட்டதால்தான்.

இரண்டாம் பிறை

மிசாத்தோவைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். கென்சுகேயின் சொல்லுக்கும் கெண்டோவின் ரயிலுக்கும் இடையே இப்படி ஒரு கோடு இருப்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

கெண்டோ பேசிவிடுவது பற்றிய என் குறை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சின் படங்களை இன்று மறுபடி பார்த்தேன். அவருடைய இளமைக்காலம் முழுவதும் முடிக்கப்படாத கரிக்கோல் கோடுகளாக வருகிறது. மனைவி யுயி வரும்வரை அவர் வாழ்க்கையில் வண்ணமே இல்லை. உலகின் ஓசையை அடைக்க அவர் காதில் மாட்டிக்கொண்ட அதே இசைக் கருவியைத்தான் மகன் இத்தனை படங்களிலும் மாட்டிக்கொண்டிருந்தான். அதை மகன் திருப்பிக் கொடுக்கிறான். சொற்களை நீக்கிவிட்டு இவற்றை மட்டும் வைத்திருந்தாலே போதும் என்பேன்.

தந்தையும் மகனும் எவாக்களில் மோதும் இடத்தில், நகரம் அட்டைப்பெட்டிக் கட்டடங்களாகச் சரிந்து, படப்பிடிப்புத் தளத்தின் பின்புறச் சுவர் தெரிவதும், அடுத்த கணம் மிசாத்தோவின் சமையலறையில் அந்த ராட்சதர்கள் உருள்வதும் பலருக்கு வரைகலையின் தரக்குறைவாகத் தோன்றியிருக்கிறது. அது வேண்டுமென்றே செய்தது. இயக்குநர் ஹிதேயகி அன்னோ சிறுவயதிலிருந்து மினியேச்சர் நகரங்களில் எடுத்த ராட்சத நாயகர் படங்களில் ஊறியவர். இந்தப் படத்தின் மூன்றாம் கிராமத்தையே முதலில் மினியேச்சராகக் கட்டி, நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து, அதற்குள் கேமராக் கோணங்களைத் தேடித் தேடித்தான் காட்சிகளை அமைத்தார்கள். வழக்கமான கதைப்பலகையிலிருந்து தொடங்கவில்லை. 2021இல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். தன் தலைக்குள் இருப்பதை மட்டும் வரைந்தால் போதாது என்ற பிடிவாதம் அது. மூன்றாவது படத்திற்குப் பிறகு மனச்சோர்வால் உடைந்துபோய் வேலைக்கே திரும்ப முடியாமல் கிடந்ததை அவரே 2015இல் வெளிப்படையாக எழுதினார். ஏரிக்கரையில் பேச்சற்றுக் கிடக்கும் பையனை அவசரப்படுத்தாமல் படமாக்கியவர் அந்த நிலையை உள்ளிருந்து அறிந்தவர்.

ஆக, நீளத்தைப் பற்றிய என் குறையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். முழுவதையும் விட்டுவிட மாட்டேன்.

தாழ்வாரம்

ஜப்பானிய மொழி சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். 'சயோனாரா' பற்றிக் கேட்டிருந்தீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தச் சொல்லின் பயணம் முதல் படத்திலேயே தொடங்குகிறது. இரவில் நடக்கும் அந்தப் பெரிய குறிசுடும் நடவடிக்கைக்குச் சற்று முன், அயனாமி ஷின்ஜியிடம் 'சயோனாரா' என்று சொல்லிவிட்டுப் போகிறாள். எல்லாம் முடிந்தபின் அவன் அழுதுகொண்டே, பிரியும்போது அப்படித் துயரமான சொல்லைச் சொல்லாதே என்கிறான். ஜப்பானியர்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் அன்றாடம் சொல்லிக்கொள்ளும் சொல் இல்லை அது. முடிவான பிரிவின் சாயல் அதில் உண்டு. கடைசிப் படத்தில் கறுப்பு அயனாமிக்கு ஹிகாரி அன்றாடச் சொற்கள் ஒவ்வொன்றையும் கற்றுத் தருகிறாள். ஒவ்வொன்றும் ஒரு 'ஒமஜினாய்' என்கிறாள். 'சயோனாரா' என்பது மறுபடி சந்திப்பதற்கான ஒமஜினாய்.

அகராதியில் அதற்கு மந்திரம் என்று போட்டிருப்பார்கள். தமிழில் மந்திரம் என்றால் கோயிலோ மாந்திரீகமோ நினைவுக்கு வந்துவிடும். குழந்தைக்கு அடிபட்ட இடத்தில் தாய் ஊதிவிட்டு 'வலி பறந்துபோச்சு' என்பாளே, ஜப்பானியத் தாய்மாரும் கிட்டத்தட்ட அதையே சொல்வார்கள். அதுதான் ஒமஜினாய். எனவே 'மந்திரம்' வேண்டாம் என்பேன்.

'சயோனாரா'வின் வேர், 'அப்படியென்றால்' என்ற பொருளுடைய பழைய தொடர். விடைபெறும்போது நாமும் 'சரி, அப்போ வரட்டுமா' என்கிறோம் அல்லவா? அந்த 'அப்போ' அங்கே முழுச் சொல்லாக நின்றுவிட்டது.

வெள்ளாமை

அப்படியானால் 'போய் வருகிறேன்' என்பதைவிடப் பொருத்தமான சொல் வேறு எது? எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசல்படி தாண்டினால் பாட்டி திரும்பக் கூப்பிட்டு 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். மறுபடி பார்ப்பதற்காகச் சொல்லி வைக்கும் சொல் என்று ஹிகாரி சொல்வதைத்தான் பாட்டி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

பனித்துளி

ஹிகாரியின் வாயில் அது சரியாக இருக்கும். ஆனால் இறுதியில் ஷின்ஜி எல்லா எவாஞ்செலியன்களுக்கும் 'சயோனாரா' சொல்கிறானே, அங்கே என்ன செய்வீர்கள்? எவா இல்லாத உலகத்தை வேண்டி நிற்பவன் 'போய் வருகிறேன்' என்று சொன்னால், திரும்பி வந்து ஏறப்போகிறான் என்றல்லவா ஆகிவிடும்? அங்கே 'விடை கொடுங்கள்' என்பது போல ஒன்று வேண்டும். விளம்பரச் சுவரொட்டியில்கூட அந்த வரிக்கு 'சராபா' என்ற பழைய, கனமான சொல்லைத்தான் போட்டார்கள்.

தாழ்வாரம்

சுவரொட்டியில் 'சராபா' இருந்தும் படத்தில் ஷின்ஜி 'சயோனாரா' என்றுதான் சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள். அயனாமி சொன்ன அதே சொல்லைத் தேர்ந்து அவன் வாயில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் இரண்டு வெவ்வேறு சொற்களைப் போட்டால் அந்த நூல் அறுந்துவிடும்.

கார்முகில்

மூவருக்கும் நன்றி. இரண்டு நாட்கள் எழுதியும் அழித்தும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

'போய் வருகிறேன்' என்பது புறப்படுபவர் சொல்வது. இருப்பவர் சொல்வது 'போய் வா'. ஷின்ஜி அந்த இறுதிப் பகுதி முழுவதும் இருப்பவனாகவே நிற்கிறான். அசுகாவையும் நண்பன் கவோருவையும் அயனாமியையும் ஒவ்வொருவராக அனுப்பி வைக்கிறான். எவாக்களும் அவனை விட்டுப் போகின்றன. ஆகவே ஹிகாரி கற்றுத்தரும் இடத்தில் 'போய் வருகிறேன்: மறுபடி பார்ப்பதற்காகச் சொல்லி வைக்கும் சொல்' என்றும், அயனாமி கரையும் முன் 'போய் வருகிறேன்' என்றும், ஷின்ஜி இறுதியில் சொல்லுமிடத்தில் 'போய் வாருங்கள், எல்லா எவாஞ்செலியன்களும்' என்றும் எழுதியிருக்கிறேன். பனித்துளி அக்காவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் திரும்பி வரவே போகாதவர்களையும் நாம் 'போய் வா' என்றுதான் அனுப்புகிறோம். சுடுகாட்டு வாசலிலும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன்.

கடைசிக் காட்சிக்குத் துணைவரி அதிகம் தேவைப்படவில்லை. அன்னோ பிறந்த ஊரான உபேவின் ரயில் நிலையம் அது. வளர்ந்துவிட்ட ஷின்ஜி எழுந்து, அவனைப் போலவே எவாவை இயக்கிய மரியின் கையைப் பிடித்துக்கொண்டு படிகளில் ஓடி வெளியே போகிறான், வரைந்த ஊர் படிப்படியாகப் படம்பிடித்த ஊராகிவிடுகிறது. அவனுக்கு அங்கே புதிய குரல். அந்த முதல் சொல்லைக் கேட்டதும் சனிக்கிழமை என் பக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அடுத்த திரையிடல் வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. முதல் படத்திலிருந்து தொடங்குகிறோம்.

இரண்டாம் பிறை

வருகிறேன். கிராமப் பகுதி வரும் நாளன்றும் வருகிறேன்.